ஆறு ஸ்குரு படம், ஏழு ஸ்குரு வண்டி

போன மாசம் நம்ம மெக்கானிக்குங்க கூட்டத்துல உங்கள்ல ஒருத்தர் எழுந்து என்கிட்ட ஒரு கேள்வி கேட்டீங்க. "கஸ்டமருங்க வண்டிய வீட்லயே வச்சி நாங்களே பாத்துக்குறோங்குறாங்க. அதுக்கு எந்த ரிப்பேர் புஸ்தகம் வாங்கலாம்னு நம்மளையே கேக்குறாங்க. நம்ம வாயில நாமளே மண்ணு போட்டுக்குறதா? என்னா சொல்றது மாமா"ன்னீங்க. எல்லாரும் சிரிச்சீங்க. நானும் சிரிச்சிட்டு, டீய குடிச்சிட்டு, செருப்ப மாட்டிக்கிட்டு வந்துட்டேன். பதில் தெரியாம வரல. அதே கேள்விய என்கிட்ட ஒருத்தரு அறுபத்தி நாலுலயோ அஞ்சுலயோ கேட்டாரு. அப்ப நான் சொன்ன பதிலு இன்னைக்கும் நெஞ்சுல முள்ளு மாதிரி நிக்கிது. அத நின்ன வாக்குல சொல்ல முடியாது. அதான் இப்ப சொல்றேன், எங்க மருமவ எழுதுது. நான் எங்கயாவது சுத்திக்கிட்டுப் போனா நறுக்கிடாதம்மா, அப்படியே எழுதுன்னு சொல்லிருக்கேன்.

எனக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவேன், அதுவும் வரையிறதுதான். கலியபெருமாள்னு ஏழு எழுத்து, எண்ணி எண்ணிப் போடுவேன்.

அப்ப என் கொட்டாய் செம்மண்டலத்துல ரோட்டோரமா இருந்துச்சு. மேல கீத்து, முன்னால ஒரு புங்கமரம். கடலூர்ல அன்னைக்கு மோட்டார் சைக்கிள் வச்சிருந்தவங்கள ரெண்டு கை வெரல்ல எண்ணிடலாம். ஒரு டாக்டரு, ரெண்டு காண்ட்ராக்டரு, அப்பறம் போலீஸ்காரங்க. எனக்கு வர்ற வேல பூரா கரும்புத் தோட்டத்துப் பம்பு இஞ்சினுதான். சேறும் டீசலுமா வரும், போவும். அதுல என்னா பேரு கெடைக்கும்.

எனக்கு வேல கத்துக் குடுத்தவரு பட்டாளத்துல ஃபிட்டரா இருந்துட்டு வந்தவரு. பேரு வேணாம், அவுரு அதெல்லாம் விரும்ப மாட்டாரு. மொத நாளே என் கையில ஒரு மொறத்தக் குடுத்தாரு. அரிசி பொடைக்கிற மொறந்தான். எந்த மூடியக் கழட்டுனாலும், அந்த மூடி எந்த வடிவத்துல இருக்கோ அதே வடிவத்துல ஸ்குருவ மொறத்துல அடுக்கணும். மேல இருந்தது மேல, கீழ இருந்தது கீழ. உனக்குப் படிக்க வரல, எண்ணவாவது பழகிக்கன்னு சொன்னாரு. பழகிட்டேன். நீங்க ஆள மூஞ்சிய வச்சி அடையாளம் கண்டுக்குறீங்க இல்ல, நான் இஞ்சின ஸ்குருவ வச்சிக் கண்டுக்குவேன். எண்ணுறப்ப என் ஆள்காட்டி வெரலு தானா ஒரு சுத்து சுத்தி வரும். எலையில வட வச்சாக்கூட அந்த வெரலு சுத்தும். எங்க ஊட்டுக்காரி, "திருடுறதுக்கு இங்க யாரும் இல்ல, சாப்புடு"ன்னுவா.

அந்த வெரலுதான் என்னக் காட்டிக் குடுத்துச்சு. அதுக்கு அப்பறம் வர்றேன்.

ஹமீது பாய்னு ஒருத்தரு. பரங்கிப்பேட்டக்காரரு. பினாங்குல துணிக்கடையில பத்து வருசம் இருந்துட்டு, திரும்பி வந்து முதுநகர்ல கைலிக் கட வச்சாரு. வரும்போது ஒரு சீம வண்டியக் கப்பல்ல போட்டுக் கொண்டாந்துட்டாரு. கறுப்பு வண்டி, ஒத்த சிலிண்டரு, டேங்குல வெள்ளிக் கோடு. அந்த மாதிரி இந்த ஜில்லாவுலயே ஒண்ணுதான். அது என் கொட்டாய்க்கு வந்ததுலேந்து என் நெலமையே மாறிப் போச்சு. ஞாயித்துக்கெழம காலையில அது புங்கமரத்தடியில நின்னா, ரோட்ல போறவன் சைக்கிள நிறுத்திட்டுப் பாப்பான். "அந்த வண்டியையே இவரு பாக்குறாருன்னா"ன்னு சொல்லி டாக்டரு வண்டி வந்துச்சு. காண்ட்ராக்டரு வண்டி வந்துச்சு.

ஏழு வருசம் ஞாயித்துக்கெழம தவறாம வந்தாரு. அவுரு என்ன மச்சான்னுவாரு, நானும் மச்சான்னுவேன். வெள்ளச் சட்ட, பினாங்கு கைலி, அத்தரு வாசன. ஒரு பெஞ்சியப் போட்டுக் குடுப்பேன். நான் வேல செய்யச் செய்ய அவுரு பேப்பர விரிச்சி எனக்குப் படிச்சிக் காட்டுவாரு. மொத பக்கத்துலேந்து கடசிப் பக்கம் வரைக்கும், வெளம்பரத்தக் கூட விட மாட்டாரு. மெட்ராஸ்ல என்னா, டில்லியில என்னா, எல்லாம் எனக்கு அவுரு வாயாலதான் தெரியும். நடுவுல நிறுத்தி, "இது பொய்யி மச்சான், இதை நம்பாதீங்க"ன்னு ஒரு வார்த்த போடுவாரு.

வேற ஒரு மெக்கானிக்கு அந்த வண்டி சைலன்சரத் தொட்டுப் பாத்தாக்கூட எனக்கு வயித்துல பத்தும். பொய் சொல்லல. ஒரு தடவ அவுரு பரங்கிப்பேட்டையில பஞ்சர் ஒட்டிக்கிட்டு வந்துட்டாரு. ஒரு இருவது மைலு வழியில பஞ்சர் ஒட்டுனதுக்கு நான் ரெண்டு வாரம் மொகம் குடுத்துப் பேசல. அப்படி ஒரு புத்தி.

இப்படி இருக்குறப்ப ஒரு ஞாயித்துக்கெழம அவுரு பேப்பர மடிச்சி வச்சிட்டு சொன்னாரு, சின்னச் சின்ன வேலய இனிமே நானே பாத்துக்கலாம்னு இருக்கேன்னு. காரணம் நியாயமான காரணந்தான். மங்கலம்பேட்டையில அவுரு பொண்ணுக்கு சம்பந்தம் பேசிக்கிட்டு இருந்தாங்க. அடிக்கடி போயி வரணும். வடலூரு, விருத்தாசலம் தாண்டிப் போற வழி. நடு வழியில வண்டி நின்னா நீங்களா வந்து நிப்பீங்க மச்சான்னாரு. சிதம்பரத்துல ஒரு பழைய புஸ்தகக் கட இருக்காம், அங்க மோட்டார் வண்டிப் புஸ்தகம் கெடைக்குதாம். "எது நல்லதுன்னு எனக்கென்னா தெரியும். நீங்க வந்து பாத்துச் சொல்லுங்க"ன்னாரு.

எப்படி இருக்கும் பாருங்க எனக்கு. என்ன வேணாங்குறதுக்கு என்னையே தொணைக்குக் கூப்புடுறாரு. அதையும் படிக்கத் தெரியாதவன்கிட்ட கேக்குறாரு. ஆனா வரலன்னு சொல்ல வாய் வரல. எந்தப் புஸ்தகம் என் வண்டியப் புடுங்கிக்கிட்டுப் போவப் போவுதுன்னு பாக்கணும்னு ஒரு இது. பின்னால ஏறி உக்காந்துட்டேன்.

வெள்ளாத்துப் பாலத்துல கொஞ்சம் நிறுத்தி எளநி குடிச்சோம். அவுரு சந்தோசமா இருந்தாரு. நான் இஞ்சின் சத்தத்தக் கேட்டுக்கிட்டு வந்தேன். வால்வுக்கும் டேப்பெட்டுக்கும் நடுவுல இடைவெளி சரியா இருந்தா, வண்டி டிக் டிக் டிக்னு மெதுவா ஒரு பாட்டு பாடும். நான் வச்ச இடைவெளி அது.

கட கோயிலு கீழ வீதியில. சாமிநாதன்னு பேரு கடக்காரருக்கு. வீட்டு முன் ரூம்லயே கட, தரையிலேந்து கூரை வரைக்கும் புஸ்தகம். காலேஜு பசங்க வித்துட்டுப் போறது, ஊர விட்டுப் போற தொரைங்க வித்துட்டுப் போறது. நெத்தி நெறைய விபூதி. சாதுவான மனுசன். வண்டிய வீதி முனையில தேர் நிக்கிற எடத்துக்கிட்ட விட்டுட்டு நடந்து போனோம். அத ஞாபகம் வச்சிக்குங்க, வண்டி கடைக்கு முன்னால இல்ல.

மூணு புஸ்தகம் எடுத்து வச்சாரு. ஒண்ணு எல்லா வண்டிக்கும் பொதுவானது. ஒண்ணு ஒல்லி, அட்ட கிழிஞ்சி, உள்ள பூரா எண்ணக் கற. இன்னொண்ணு குண்டு, புதுசாட்டம் மினுமினுன்னு, பக்கத்துக்குப் பக்கம் படம். ஒல்லியும் குண்டும் ரெண்டுமே ஹமீது பாய் வண்டிக் கம்பேனிதான், வேற வேற வருசத்து மாடலுன்னாரு சாமிநாதன். அப்பறம் குண்டுப் புஸ்தகத்தத் தொறந்து இங்கிலீசுல கொஞ்சம் படிச்சி, தமிழ்ல அதுக்கு அர்த்தம் சொன்னாரு. இஞ்சின் சூடானா இரும்பு நீளும், அதனாலதான் எங்கெங்க எவ்வளவு எடம் விடணும்னு ஒரு கணக்கு இருக்குன்னு.

ஹமீது பாய் அதக் கேட்டுட்டுத் தலைய ஆட்டி ஆட்டி ரசிச்சாரு. என் தோள்ல கைய வச்சி சாமிநாதன்கிட்ட சொன்னாரு, "ஏழு வருசமா எங்க மச்சான் செய்யிறதப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேங்க. ஏன் செய்யிறாருன்னு இன்னைக்குத்தான் வெளங்குது."

பெருமையாத்தான் சொன்னாரு. எனக்கு அது எப்படி எறங்குச்சுன்னு அவுருக்குத் தெரியாது. ஏழு வருசம் ராவிக் கழுவி நான் செஞ்சத, அந்தக் கடக்காரரு உக்காந்த எடத்துலேந்து, கையில ஒரு சொட்டு கிரீசு படாம, ரெண்டு நிமிசத்துல வெளக்கிட்டாரு. ரெண்டு பேரும் ஒரே புஸ்தகத்துல தலையக் குனிஞ்சிக்கிட்டு இருந்தாங்க. நான் நடுவுல தூணு மாதிரி நின்னேன்.

அப்பறம் ஹமீது பாய் ரெண்டு புஸ்தகத்தையும் என் பக்கம் தள்ளுனாரு. நீங்க பாருங்க மச்சான்னாரு.

வாங்கிப் பெரட்டுனேன். எழுத்த விட்டுட்டுப் படத்த மட்டும் பாத்தேன். டைமிங் மூடி படம் வந்துச்சு, டேப்பெட்டு அதுக்கு மேலதான் இருக்கும். என் வெரலு தானா சுத்துச்சு. குண்டுப் புஸ்தகத்துல ஆறு ஸ்குரு. ஒல்லிப் புஸ்தகத்துல ஏழு. எங்க வண்டிக்கு ஏழு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஏழுன்னு சொல்லுவேன். அந்த மூடி மாறியிருந்தா உள்ள வால்வத் தூக்கி எறக்குற கேமும் மாறியிருக்கும், கேமு மாறுனா டேப்பெட்டுக்கு விட வேண்டிய எடமும் மாறும். இது எனக்குப் படிச்சித் தெரியல. அந்தக் கம்பேனியோட பழைய மாடலு ஒண்ணப் பட்டாளத்துக்காரருகிட்ட இருந்தப்பவே கழட்டியிருக்கேன். அதுக்கு ஆறு ஸ்குரு, எடமே விட வேணாம், ஒட்டி வைக்கணும். ஹமீது பாய் வண்டிக்கு ஒரு போஸ்ட்கார்டு மொத்தம் விடணும். போஸ்ட்கார்ட நடுவுல விட்டு லேசா இழுத்தா வரணும், அதான் என் அளவு.

சாமிநாதன் கேட்டாரு, உங்க வண்டி எந்த வருசத்து மாடலுங்க, பாத்து எடுக்கணும், மாத்தி எடுத்துடக் கூடாதுன்னு. ஹமீது பாய் என்னப் பாத்தாரு.

நான் சொன்னேன், "எல்லாம் ஒண்ணுதான். குண்டா இருக்குறத எடுத்துக்குங்க, படம் ஜாஸ்தி இருக்கு."

அவ்வளவுதான். நான் செஞ்ச துரோகம் அந்த ரெண்டு வரிதான். சாமிநாதன் காயிதத்துல சுத்திக் குடுத்தாரு. திரும்புற வழி பூரா அந்தப் பொட்டலம் எனக்கும் அவுருக்கும் நடுவுல இருந்துச்சு.

அடுத்த ஞாயித்துக்கெழம வரல. அதுக்கடுத்ததும் வரல. புங்கமரத்தடி வெறிச்சோன்னு கெடந்துச்சு. டாக்டரு வண்டியக் கொண்டாந்த கம்பவுண்டரு வந்து, "என்னா மேஸ்திரி, ஒங்க பட்டத்து ராணி பொறந்த வீட்டோட பூட்டாளா"ன்னு கிண்டல் பண்ணுனான். ஸ்பானர எடுத்து அடிக்கலாம்னு வந்துச்சு. ஆனா பேப்பரு இல்லாததுதான் எனக்கு ஜாஸ்தியா உறுத்துச்சு. டீக்கடையில யாராவது ஒரக்கப் படிச்சாக்கூட, நடுவுல நிறுத்தி இது பொய்யின்னு சொல்ல ஆளு இல்ல.

மூணாவது ஞாயித்துக்கெழம வந்தாரு. சட்டக் கையில கிரீசு, மூஞ்சியெல்லாம் சிரிப்பு. எறங்காம இஞ்சின ஓட விட்டுட்டே நின்னாரு. நேத்து டேப்பெட்ட நானே வச்சேன் மச்சான், புஸ்தகத்தப் பாத்து வச்சேன்னாரு. "கேளுங்க. சத்தமே இல்ல பாத்தீங்களா."

கேட்டேன். அந்த டிக் டிக் இல்ல. வழவழன்னு, எண்ண ஊத்துன மாதிரி ஓடுது. கத்துக்குட்டிக்கு அது நல்ல சத்தம். நம்மளுக்கு அது என்னான்னு உங்களுக்குத் தெரியும். எடமே இல்லாம ஒட்டி வச்சிருக்காரு. சூடு ஏறுனா வால்வு மூடாது. மூடாத வால்வு நெருப்புல கெடந்து கருவும். நூறு மைலோ நூத்தம்பது மைலோ, அதுக்கு மேல தாங்காது.

மொத தப்பு வயித்தெரிச்சல்ல பேசுனது, ஆத்தரத்துல வாய் முந்திக்கிச்சுன்னு சொல்லலாம். இந்த ரெண்டாவதுக்கு அந்தச் சாக்கு கெடையாது. அவுரு என் முன்னால நிக்கிறாரு, இஞ்சின் ஓடுது, எனக்குக் காது நல்லா கேக்குது. நிறுத்துங்க மச்சான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும்.

"நல்லா இருக்கு மச்சான்"னு சொன்னேன். அவுரு ஹாரன அடிச்சிட்டுப் போனாரு.

உங்கள மாதிரி புதுசா வந்தவங்க நெனைப்பீங்க, தப்புன்னா கை தவறுறதுன்னு. போல்ட்டு உள்ள விழுந்துடுறது, ரிங்கு ஒடஞ்சிடுறது. அதெல்லாம் தப்பே இல்ல, திரும்பக் கழட்டிச் சரி பண்ணிடலாம். தெரிஞ்சிருந்தும் சொல்லாம நிக்கிறோம் பாருங்க, அதுக்குப் பாகம் எந்தக் கடையிலயும் கெடைக்காது.

அதுக்கப்பறம் ஒரு வெள்ளிக்கெழம. மத்தியானம் வடலூர்லேந்து வந்த பஸ்ஸு கண்டக்டரு கொட்டாய்க்கு முன்னால எறங்கி சேதி சொன்னாரு. கைலிக் கட பாயோட வண்டி வடலூர் தாண்டி நின்னு போச்சு, அவுரு பஸ்ஸப் புடிச்சி மங்கலம்பேட்டைக்குப் போயிட்டாரு, வண்டிய ஒங்கள வந்து பாக்கச் சொன்னாருன்னு. எனக்கு ஒடம்பு பூரா குளுந்து போச்சு. பயத்துலன்னு நெனைக்காதீங்க. சந்தோசத்துல. எனக்கு ஆள் அனுப்பிட்டாரு பாத்தியா, புஸ்தகத்துக்கு அனுப்பலன்னு மனசு குதிச்சிச்சு.

பைய எடுத்துக்கிட்டு வடலூர்ல எறங்குனேன். சபையத் தாண்டி ஒரு டீக்கடை, அங்க நின்னுச்சு வண்டி. கிக்கர மிதிச்சா கால் சும்மா உள்ள போவுது, காத்தே புடிக்கல. வண்டியோட பக்கவாட்டுப் பெட்டியில புஸ்தகம் இருந்துச்சு. பச்சத் துண்டுல சுத்தி, பத்தரமா. டேப்பெட்டு பத்திப் போட்டுருக்குற பக்கத்துல ஒரு நூலு வச்சிருந்தாரு அடையாளத்துக்கு. டீக்கடைக்காரரு சொன்னாரு, பாய் ஒரு மணி நேரம் புஸ்தகத்த சீட்டு மேல விரிச்சி வச்சிக்கிட்டு வெயில்ல நின்னாரு, எல்லாம் சரியாத்தானே இருக்கு, எல்லாம் சரியாத்தானே இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தாருன்னு. அதக் கேட்டப்பறம் அந்தக் குதிப்பு கொஞ்சம் அடங்குச்சு. லாரியில ஏத்திக்கிட்டு கொட்டாய்க்கு வந்தேன்.

ஞாயித்துக்கெழம ஹமீது பாய் நடந்து வந்தாரு. பெஞ்சியில உக்காந்தாரு. நடந்ததச் சொன்னாரு. அன்னைக்கு ஜும்மா முடிஞ்சதும் மாப்பிள்ள வீட்ல உக்காந்து முடிவு பேசுறதா ஏற்பாடு. மாப்பிள்ள மறுவாரம் கப்பலு ஏறணும். இவுரு போயிச் சேந்தப்ப சாயங்காலம் அசர் தொழுகைக்கே பாங்கு சொல்லிட்டாங்க. சட்டையெல்லாம் கரி, கையெல்லாம் எண்ண. பெரியவங்க எல்லாம் மொகம் சுண்டி உக்காந்திருக்காங்க. உள்ளேந்து ஒரு பொம்பள சொன்னாளாம், "பொண்ணோட வாப்பா வருவாருன்னு பாத்தா மெக்கானிக்கு வந்திருக்காரு"ன்னு. சபையே சிரிச்சிச்சாம்.

சம்பந்தம் என்னமோ நிக்காம முடிஞ்சிச்சு, அல்லா காப்பாத்துனான்னாரு. ஆனா பினாங்குல பத்து வருசம் தொரைங்க முன்னால கூட குனியாத தல அன்னைக்குக் குனிஞ்சிடுச்சு மச்சான்னாரு. அப்பறம் புஸ்தகத்த எடுத்து என் மடியில வச்சாரு. புஸ்தகத்து மேல குத்தம் இல்ல, என் கைக்குத்தான் அந்த யோகம் இல்ல. இது ஒங்ககிட்டயே இருக்கட்டும். வண்டியும் இனிமே ஒங்ககிட்டயே வரட்டும்னாரு.

பாருங்க, நான் கேட்டதெல்லாம் கெடைச்சாச்சு. வண்டி வந்தாச்சு, ஆளு வந்தாச்சு, பெஞ்சியில உக்காந்தாச்சு. புஸ்தகம் தோத்துப் போச்சு. வாயத் தொறக்காம இருந்தா போதும். நானும் தொறக்கல. "இதெல்லாம் படிச்சி வர்ற வேல இல்ல மச்சான்"னு சொல்லிட்டு வேலயில குனிஞ்சேன். அப்படிச் சொல்றப்ப என் வாய் இனிச்சிச்சு. மருமவளே, அதையும் எழுது.

அவுரு பேப்பர விரிச்சாரு. கொஞ்சம் படிச்சாரு. மனசு ஒட்டல போலருக்கு, மடிச்சி வச்சிட்டாரு. என் பக்கத்துல கெடந்த அந்தப் புஸ்தகத்தயே திரும்ப எடுத்து நூலு வச்ச பக்கத்தத் தொறந்தாரு. தோத்த மனுசன் அப்படித்தான், எங்க தோத்தோம்னு திரும்பத் திரும்பப் பாப்பான்.

நான் டைமிங் மூடியக் கழட்டிக்கிட்டு இருந்தேன். பழக்கம். ஒவ்வொரு ஸ்குருவா கழட்டி மொறத்துல அடுக்குறேன். மேல ரெண்டு. அந்தப் பக்கம் ஒண்ணு. இந்தப் பக்கம் ஒண்ணு. கீழ மூணு. மூடியோட வடிவம் மொறத்துல அப்படியே வந்துடுச்சு. தலையத் தூக்கிப் பாத்தா, அவுரு புஸ்தகத்தப் பாக்குறாரு, மொறத்தப் பாக்குறாரு. திரும்பப் புஸ்தகத்தப் பாக்குறாரு. அவுரு வெரலு படத்து மேல ஒரு சுத்து சுத்துச்சு. அப்பறம் மொறத்துக்கு மேல ஒரு சுத்து.

ரோட்ல ஒரு மாட்டு வண்டி போயி முடிஞ்சிச்சு.

"மச்சான்"னாரு. "அன்னைக்கு சிதம்பரத்துல ஒங்க வெரலு இந்தப் படத்து மேல சுத்துச்சு. நான் பாத்தேன்."

நான் ஸ்குருடிரைவரக் கீழ வச்சேன்.

"எண்ணுனீங்களா?"

"எண்ணுனேன்."

"எத்தன வந்துச்சு?"

"ஆறு."

இங்க ஒரு பொய் சொல்ல எடம் இருந்துச்சு. கண்ணு சரியாத் தெரியல, படம் மங்கலு, எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு என்னா வேணா சொல்லியிருக்கலாம். அவுரு நம்பியும் இருப்பாரு, நம்பணும்னுதான் கேட்டாரோ என்னமோ. ஆனா அந்த மொறம் நடுவுல இருந்துச்சு. ஏழு ஸ்குருவும் மல்லாந்து என்னையே பாக்குற மாதிரி இருந்துச்சு. பட்டாளத்துக்காரரு குடுத்த மொறம். சொல்லிட்டேன். புஸ்தகம் வந்தா நீங்க வர மாட்டீங்கன்னு பயந்துட்டேன். அந்த மூணாவது ஞாயித்துக்கெழம சத்தம் கேட்டப்பவும் எனக்குத் தெரியும், அப்பவும் சொல்லலன்னேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

அவுரு கோவிச்சிக்குவாருன்னு பாத்தேன். கத்துவாருன்னு பாத்தேன். கத்தியிருந்தா நல்லாருந்திருக்கும். பேப்பர எடுத்து நாலா மடிச்சி அக்குள்ல வச்சிக்கிட்டாரு.

"பேப்பர நான் வீட்லயே படிக்கலாம் மச்சான்"னாரு.

எனக்கு அது உடனே வெளங்கல. அவுரு போயி கொஞ்சம் நேரம் கழிச்சித்தான் வெளங்குச்சு. ஏழு வருசம் முதுநகர்லேந்து செம்மண்டலத்துக்குப் பேப்பரத் தூக்கிக்கிட்டு எதுக்கு வந்தாருன்னு. ஒரு வண்டிய வாரா வாரம் பாக்க வேண்டிய அவசியம் கெடையாதுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நல்லா ஓடுற வண்டி அது.

வண்டியச் சரி பண்ணி முடிக்க ஒரு வாரம் ஆச்சு. வால்வ மாத்தி, அது உக்காருற சீட்டத் தேச்சி, போஸ்ட்கார்டு வச்சி எடம் விட்டேன். எடுக்க வந்தவரு, ஏறுங்கன்னு மட்டும் சொன்னாரு. ஏறுனேன். வெள்ளாத்துப் பாலத்துல நிறுத்தல. இந்தத் தடவ வண்டியக் கீழ வீதிக்குள்ளயே உருட்டிக்கிட்டுப் போயி, கடைக்கு நேரா முன்னால நிறுத்துனாரு. நான் குண்டுப் புஸ்தகத்தக் குடுத்து, ஒல்லிப் புஸ்தகம் இருக்கான்னு கேட்டேன். சாமிநாதன் தேடி எடுத்தாரு. நான் அதக் கொண்டாந்து வண்டிக்குப் பக்கத்துல குந்தி, படத்தையும் மூடியையும் பக்கத்துல பக்கத்துல வச்சி, ரெண்டையும் சத்தமா எண்ணுனேன். ஏழு, ஏழு. வீதியில போறவங்க நின்னு பாத்தாங்க. இஞ்சின்ல வெட்டியிருக்குற நம்பரப் படிக்கச் சொன்னேன், புஸ்தகத்துல போட்டுருக்குற நம்பரோட சேருதான்னு சாமிநாதன் பாத்தாரு. சேந்துச்சு.

அந்தப் புஸ்தகத்துல எண்ணக் கற எங்க இருந்துச்சுன்னும் பாத்தேன். டேப்பெட்டு பக்கத்துல, செயின் பக்கத்துல, கார்புரேட்டரு பக்கத்துல. கியர் பாக்ஸு பக்கம் மட்டும் வெள்ள வெளேர்னு இருந்துச்சு. இதுக்கு முன்னால வச்சிருந்த ஆளு எதத் தானே செஞ்சான், எதத் தொடாம மெக்கானிக்குகிட்ட விட்டான்னு அதுலயே தெரியும். அத ஹமீது பாய்கிட்ட காட்டிச் சொன்னேன். தலைய ஆட்டுனாரு.

இதான் நீங்க கேட்ட கேள்விக்குப் பதிலு. யாராவது புஸ்தகம் எதுன்னு கேட்டா, வண்டியக் கடைக்கு முன்னால கொண்டாந்து நிறுத்தச் சொல்லுங்க. நம்பரப் பாருங்க, படத்த எண்ணுங்க, கற எங்க இருக்குன்னு பாருங்க. புதுசா மினுக்குறத ஒதுக்குங்க. சரியானத எடுத்துக் குடுங்க. குடுக்குறப்ப வயிறு எரியும். எரியட்டும், அத வாய்க்கு வர விடாதீங்க.

அதுக்கப்பறம் அந்த வண்டி என் கொட்டாய்க்கு வேலைக்கு வந்ததே இல்ல. பொண்ணு கல்யாணத்துக்குக் கூப்புட்டாரு, போனேன், பக்கத்துல உக்கார வச்சி பிரியாணி போட்டாரு, மச்சான்னுதான் கூப்புட்டாரு. அதுல ஒண்ணும் கொற இல்ல. ஆனா ஞாயித்துக்கெழம வரல. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம மங்கலம்பேட்டைக்கு மகளப் பாக்கப் போவாரு. என் கொட்டாய்கிட்ட வரும்போது ஒரு ஹாரன். நிக்க மாட்டாரு.

அந்த ஹாரனு சத்தம் வர்றதுக்கு முன்னாலயே எனக்குத் தெரிஞ்சிடும். கையில என்னா வேல இருந்தாலும் போட்டுட்டு ரோட்டோரம் வந்து நிப்பேன். டிக் டிக் டிக்னு அந்தப் பாட்டு வரும். சரியா ஒரு போஸ்ட்கார்டு மொத்தம், ஒரு மயிரு கூடவும் இல்ல, ஒரு மயிரு கொறையவும் இல்ல. அவுரு கை வச்சது, அந்தக் கிழிஞ்ச புஸ்தகத்தப் பாத்து வச்சது. எங்கயாவது ஒரு தப்பு கேக்குமான்னு காதத் தீட்டிக்கிட்டு நிப்பேன். கேட்டா கையக் காட்டி நிறுத்தி, மச்சான் கொஞ்சம் எறங்குங்கன்னு சொல்லலாம் பாருங்க.

பதினோரு வருசம் நின்னேன். ஒரு வெள்ளிக்கெழம கூடக் கேக்கல.